ஆறாம் தடவை

தரையில் நிற்கும்போது வலியே இல்லை என்றார் சீனி காசிம்.
ஏழு பாகம் இறங்கினால்தான்
கீழ்க்கடைவாயில், வலது ஓரம்,
யாரோ உளி வைத்து அடிக்கிற மாதிரி.
மேலே வந்து முகக்கண்ணாடியைக் கழற்றினால்
ஒன்றுமில்லை.
படகில் சிரிக்கிறார்களாம்.

சிரிக்க ஒன்றுமில்லை.
பழைய அடைப்புக்கும் பல்லுக்கும் நடுவே
கடுகில் பாதியளவு காற்று
வெளியேற வழியில்லாமல் கிடந்தது.
கடல் கனக்கக் கனக்க
அது நரம்பைப் பிடித்து இழுத்தது.

கச்சான் அடங்கினதும் சங்குக்குப் போகணும்,
அதுக்குள்ள முடிச்சிருங்க என்றார்.

படம் எடுத்தேன்.
முன்வேர் நேராக இறங்கி
பாதியில் மனம் மாறிப் பின்னால் திரும்பியிருந்தது.
ஏழு பாகம் அவர் கணக்கு.
முப்பத்தைந்து பாகை என் கணக்கு.

கீழக்கரையில், ஐஸ் கம்பெனிக்கு எதிர்மாடி.
ஜன்னலைச் சாத்தினாலும் மணல் வரும்.

முதலில் எஃகு, பத்தாம் நம்பர்.
நுனியைக் கொஞ்சம் வளைத்து
விரலிடுக்கில் கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே.
அடிமணலில் சங்கு ஊர்ந்த கோடுபோல்
மெல்லிய தடம் ஒன்று விழுந்தால் போதும்.
அதற்கு மேல் எஃகை நம்பக் கூடாது.
தடிக்கத் தடிக்க அதற்கு நிமிரத்தான் தெரியும்.
வளைவை மதிக்காது;
தனக்கென்று ஒரு வழி வெட்டி
வேர்ச்சுவரைப் பொத்துவிடும்.

நிக்கலும் டைட்டானியமும் கலந்தது வேறு ரகம்.
விரலில் சுற்றி விட்டால் நிமிர்ந்துகொள்ளும்,
வேருக்குள் விட்டால் வேர் சொல்கிறபடி கேட்கும்.
நிமிடத்துக்கு முந்நூறு சுற்று.
ஒவ்வொரு சுற்றிலும்
வளைவின் வெளிப்புறத்தில் இழுபட்டது
உட்புறம் வந்து நெரிபடும்,
நெரிபட்டது இழுபடும்.
வெளியே எடுத்துப் பார்த்தால்
முகத்தில் ஒன்றும் தெரியாது.

அதனால்தான் எண்ணுகிறோம்.
ஐந்து பேருக்கு, அதோடு சரி.
முத்திருளாயியின் டைரியில்
நாலு கோடு, குறுக்கே ஒன்று.

அன்று குறுக்குக்கோடு விழுந்திருந்தது.
மதுரைப் பார்சல் வரவில்லை.
அவள் டைரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
நான் கையை நீட்டினேன்.

கொத்தி எடு, துடை, மருந்துநீர் பாய்ச்சு.
கொத்தி எடு.
பள்ளங்களில் ஈரமாவு ஏறி வந்தது.
மூன்றாம் இறக்கத்தில்
மோட்டாரின் சத்தம் அரை மாத்திரை மாறியது.
அவ்வளவுதான்.

பாரம் கூடினால் மோட்டார் தானாகப் பின்சுற்றும்.
இது பாரத்தால் ஒடியவில்லை,
களைப்பால்.
இருபத்தொன்று இருக்க வேண்டிய இடத்தில் பதினெட்டரை.

ரப்பர் திரை போட்ட வாயால்
கேள்வி கேட்க முடியாது.
நுனி உள்ளே ஒடிஞ்சிருச்சு என்றேன்.
கண் மட்டும் என்னைத் தேடியது.
அஞ்சு பேருக்கு மேல் போடக் கூடாது,
உங்களுக்குப் போட்டது ஆறாவது என்றேன்.
சொல்லாமலும் இருந்திருக்கலாம்.
படத்தில் ஒடிந்தது தெரியும்,
எத்தனையாவது என்று தெரியாது.

பிறகு ஒன்றே கால் மணி நேரம்,
எட்டாம் நம்பர் எஃகும் நானும்.
துண்டை ஒட்டி, அதன் தோளை உரசி,
கடைசியில் ஒரு நெளிவு கிடைத்தது.
துண்டு அங்கேயே இருக்கட்டும் என்று
சுற்றி நிரப்பினேன்.

திரையில் அந்த வெள்ளைக் கீற்றைப் பார்த்தார்.
துரு ஏறுமா?
ஏறாது.
கொஞ்ச நேரம் கழித்து,
இந்தப் பிள்ளை உங்ககிட்ட சொல்லலையா?
முத்திருளாயி தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
சொன்னாள், நான்தான் என்றேன்.
காசு வேண்டாம் என்றேன்.
வேண்டாம்தான் என்று
செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

இப்போது குறுக்குக்கோடு போட்ட கையோடு
முத்திருளாயி குறடை எடுக்கிறாள்.
என்னைக் கேட்பதில்லை.
நறுக்கிய நுனி தகரத்தில் விழும் சத்தம்
அடுத்த அறைவரை கேட்கும்.

ஐப்பசி கடைசியில் ஒரு குரல்செய்தி.
பின்னால் இஞ்சின் இரைச்சல், யாரோ கயிறு கேட்கிறார்கள்.
ஏழு பாகத்துல ஒண்ணும் இல்ல டாக்டரம்மா.
ஒம்பதுக்கு இன்னும் போய்ப் பாக்கல.